போர்க்கால ஜெர்மன் போலீஸ் பிஸ்டல்கள்: முத்திரையைப் படித்து வகை பிரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் தேடுவது கழுகு முத்திரையைத்தான். கழுகு கண்ணில் பட்டுவிட்டால் போதும், "இது ராணுவத்துடையது", "இல்லை, நாஜி இரகசியப் போலீஸான கெஸ்டபோவுடையது" என்று கதை கிளம்பிவிடும். ஆனால் 1940க்குப் பிறகு ஜெர்மனியில் செய்த பிஸ்டல் எதை எடுத்தாலும் அதில் ஏதோ ஒரு கழுகு இருக்கும். வேட்டைக்காரரோ வியாபாரியோ கடையில் காசு கொடுத்து வாங்கியதிலும் இருக்கும். அதனால் கழுகு இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. கழுகுக்குக் கீழேயும் பக்கத்திலும் என்ன இருக்கிறது, அது துப்பாக்கியின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான்: முதலில் முத்திரையைப் படிப்பது, விற்பவர் சொல்லும் கதையைக் கடைசியில் கேட்பது.

நான் எடுத்துக்கொண்ட காலம் 1936 முதல் 1945 வரை. நாஜி ஆட்சிக்கு முந்தைய வெய்மார் குடியரசுக் காலத்துப் போலீஸ் குறிகளையும் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும். ஏனென்றால் பெரிய குழப்பம் ஒன்று அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் சட்டம்

சேகரிப்பு என்றாலும் இவை சுடக்கூடிய ஆயுதங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் தெரியாமல் ஒரு மேகசீனைக்கூட (தோட்டா அடைக்கும் பெட்டி) வாங்காதீர்கள்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இவற்றை வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே இங்கே இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் படங்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் வைத்துச் செய்யும் படிப்புதான். அதில் குறை ஒன்றும் இல்லை. முத்திரை வகைகளை நன்றாக அறிந்தவர்கள் எல்லோரும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அல்ல.

ஜெர்மனியில் சேகரிப்பாளருக்கென்று சிவப்பு நிற ஆயுத அட்டை உண்டு. அதைப் பெற "எனக்குத் துப்பாக்கி பிடிக்கும்" என்றால் போதாது. எந்தக் காலம், எந்த வகை என்று சேகரிப்பின் எல்லையை வரையறுத்து, அதற்கு வரலாற்று முக்கியத்துவம் உண்டென்று காட்ட வேண்டும். கூடவே, ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றம். ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு என்றாலும் படம் வெளியிடும்போது கவனம் தேவை. அமெரிக்காவில் 50 ஆண்டு கடந்த பழைய ஆயுதங்களுக்கென்றே தனிச் சேகரிப்பாளர் உரிமம் இருக்கிறது. பிரிட்டனில் 1997க்குப் பிறகு கைத்துப்பாக்கி வைத்திருப்பது மிகக் கடினம், வரலாற்றுப் பொருள்களுக்குக் குறுகலான விலக்குகள் மட்டுமே. ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களில் சிலர் செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளை வாங்குகிறார்கள். 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயலிழப்பு விதி மிகக் கடுமையானது. உள்ளே வெல்டு வைத்து இறுக்கிவிடுவதால் பிரித்துப் பார்த்து எண்களை ஒப்பிட முடியாது. வகை பிரிக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தடை, வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

போலீஸ் என்றால் யார்

இதை விட்டுவிட்டு இரும்பை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1936 ஜூன் 17 அன்று எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் தலைவர் ஹிம்லர் ஜெர்மன் போலீஸ் முழுவதற்கும் தலைவர் ஆனார். அதுவரை பிரஷ்யா, பவேரியா, சாக்சனி என்று மாநிலம் மாநிலமாக இருந்த போலீஸ் ஒரே கைக்குள் வந்தது. சீருடைப் போலீஸ் எல்லாம் ஓர்ட்னுங்ஸ்போலிட்ஸாய் என்ற பெயரில் நாஜி அதிகாரி டாலுகேயின் கீழ். கெஸ்டபோவும் குற்றப் புலனாய்வும் மற்றொரு நாஜி அதிகாரி ஹைட்ரிஷின் கீழ். சேகரிப்பாளருக்கு இதனால் என்ன? மாநில வாரியான கொள்முதல் தேய்ந்து, ஒரே மாதிரியான ஏற்பு முத்திரை (வாங்கும் அமைப்பு சோதித்து ஏற்றுக்கொண்டதற்கான குறி) வந்தது இந்த மாற்றத்தின் விளைவுதான்.

ஆனால் அந்தச் சீருடைப் போலீஸ் போக்குவரத்தை மட்டும் ஒழுங்குபடுத்தவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து போன 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூஸெஃபூவ் ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. அந்தப் போலீஸாரில் பெரும்பாலோர் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். போலீஸ் முத்திரை உள்ள ஒரு பிஸ்டல் எந்த ஊருக்குப் போனது, யார் இடுப்பில் இருந்தது என்று முத்திரை சொல்லாது. ஆனால் அது எந்த அமைப்புக்காக வாங்கப்பட்டது என்று சொல்கிறது. அந்த அமைப்பு என்ன செய்தது என்று தெரிந்துகொண்டுதான் இதைத் தொட வேண்டும். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் ம்யூன்ஸ்டர் நகரில் உள்ள வில்லா டென் ஹொம்பெலுக்குப் போய் வாருங்கள். போர்க்காலத்தில் ஓர்ட்னுங்ஸ்போலிட்ஸாயின் வட்டாரத் தலைமையகமாக இருந்த வீடு அது, இப்போது நினைவிடம்.

எந்தெந்தப் பிஸ்டல்கள்

போலீஸுக்குப் போனவற்றில் நான்கு வகைகள்தான் மையம்.

வால்தர் பிபி, 1929ல் வந்தது. பெயரிலேயே "போலீஸ் பிஸ்டல்" என்று இருக்கிறது. அதனால் எல்லா பிபியும் போலீஸுடையது என்று நினைத்துவிட வேண்டாம், அது கடையில் வைத்த மாடல் பெயர்தான். அதன் சின்னத் தம்பி பிபிகே, சாதாரண உடையில் போகும் புலனாய்வாளர்களுக்கு ஏற்றது. இரண்டும் துரிங்கியாவின் ஸெல்லா-மேலிஸ் ஊரில் செய்யப்பட்டவை. பெரும்பாலும் 7.65 மி.மீ.

அடுத்தது ஸாவர் 38எச். ஸெல்லா-மேலிஸுக்குப் பக்கத்து ஊரான சூலில் ஜே.பி. ஸாவர் நிறுவனம் 1938ல் கொண்டுவந்தது. "எச்" என்பது ஹான், அதாவது ஹாமரைக் குறிக்கும் ஜெர்மன் சொல். ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) வெளியே தெரியாது, ஸ்லைடுக்குள் (முன்பின் நகரும் மேற்பகுதி) மறைந்திருக்கும். இடப்பக்க கிரிப்பின் மேல் முனையில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் ஏற்றியிருக்கும் ஹாமர் மெதுவாக இறங்கும், இறங்கியிருந்தால் ஏறும். அந்தக் காலத்தில் வேறு எவரும் யோசிக்காத ஏற்பாடு. இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வால்தர் பெயருக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம்.

மௌசர் எச்எஸ்சி, நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃபில் 1940ன் கடைசியில் தொடங்கியது. வரிசை எண் 7 லட்சத்தில் ஆரம்பம், போர் முடிவதற்குள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் செய்தார்கள்.

நான்காவது லூகர் பி.08. ராணுவம் அதைக் கைவிடும் நேரத்திலும் போலீஸ் வாங்கிக்கொண்டிருந்தது. மேலே உள்ள மூட்டுப் பகுதியில் மௌசரின் வணிகச் சின்னமும், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) மேல் 1939 முதல் 1942 வரை ஏதேனும் ஓர் ஆண்டும் இருந்தால் அது போலீஸ் வரிசையைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இவை போக, ஆஸ்திரியாவை இணைத்த பிறகு அங்கிருந்த ஸ்டேயர் 1912 பிஸ்டல்களுக்கு 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவுக்கான பேரல் (குழல்) மாற்றி, ஸ்லைடில் 08 என்று குத்திப் போலீஸுக்குக் கொடுத்தார்கள். மௌசரின் 1934 பாக்கெட் பிஸ்டலும் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

மேசையில் வைக்கும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் வைக்கக்கூடிய சின்ன விளக்கு, மெல்லிய பருத்தித் துணி, ஒரு நோட்டு. இவ்வளவு போதும். விளக்கை நேர்மேலே பிடித்தால் முத்திரை தட்டையாகத் தெரியும். மேசை மட்டத்துக்குத் தாழ்த்திச் சாய்வாக அடித்தால்தான் ஓரங்கள் நிழல் போட்டு எழுந்து நிற்கும்.

யார் கொடுத்தாலும், "காலிதான்" என்று சொன்னாலும், வரிசை மாறாமல் சோதியுங்கள்: முதலில் மேகசீனைக் கழற்றுங்கள், அப்புறம் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். மேகசீனைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால், விடும்போது அடுத்த தோட்டாவை நீங்களே உள்ளே ஏற்றிவிடுவீர்கள். பிறகுதான் துடைப்பதும் பிரிப்பதும்.

முத்திரைகளைப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு பிஸ்டலில் மூன்று விதமான அதிகாரம் முத்திரை குத்தியிருக்கலாம். அவற்றைக் கலக்காமல் பிரிக்கத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலாவது, வெடிச்சோதனை முத்திரை. அளவுக்கு மேல் வலுவான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, "இந்தப் பேரல் தாங்கும்" என்று அரசு சோதனைச்சாலை கொடுக்கும் சான்று. 1940 வரை கிரீடமும் அதன் கீழ் "என்" எழுத்தும். 1939ல் வந்த புதிய சட்டத்தால் 1940 ஏப்ரல் முதல் கிரீடத்துக்குப் பதில் கழுகு, கீழே அதே "என்". இந்த "என்" நாஜி அல்ல, நைட்ரோ. அதாவது புகையில்லா வெடிமருந்து. கழுகு-என் இருப்பதை வைத்து அரசு பிஸ்டல் என்று விலை ஏற்றுவது இந்தத் துறையில் மிகப் பழைய தவறு. அது காலத்தைக் கணிக்க உதவும், அவ்வளவுதான்: கிரீடம் என்றால் 1940க்கு முன், கழுகு என்றால் அதற்குப் பின்.

இரண்டாவது, ராணுவ ஆயுத அலுவலகத்தின் ஏற்பு முத்திரை. கழுகின் கீழே ஓர் எண் இருக்கும். அந்த எண் தொழிற்சாலையில் இருந்த ஆய்வுக் குழுவைக் குறிக்கும். வால்தருக்கு 359, ஸாவருக்கு 37, மௌசர் எச்எஸ்சிக்கு முதலில் 655, பிறகு 135. இந்த எண்ணைப் பார்த்தால் அது போலீஸ் பிஸ்டல் அல்ல, ராணுவம் வாங்கியது. எண்ணும் தொழிற்சாலையும் பொருந்தாவிட்டால், உதாரணமாக ஸாவரில் 359 இருந்தால், அந்தப் பிஸ்டலைக் கீழே வைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் நாம் தேடுவது. போலீஸ் ஏற்பு முத்திரையில் கழுகின் காலடியில் வட்டத்துக்குள் ஸ்வஸ்திகா இருக்கும், அதன் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து. எழுத்து கீழே இல்லாமல் பக்கத்தில் இருப்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த எழுத்து எந்த ஊர்க் காவல் நிலையம் என்று சொல்வதல்ல. ஏற்புச் சோதனையோடு சேர்ந்த அடையாளம் அது, துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது என்பதோடு ஒட்டிப் போகும். ஸெல்லா-மேலிஸ், சூல் பக்கத்து வால்தர், ஸாவர் பிஸ்டல்களில் "சி". ஓபர்ன்டார்ஃபின் மௌசர் பிஸ்டல்களில் "எல்". போரின் பின்பாதியில் இரண்டு பக்கமும் "எஃப்" வந்துவிடுகிறது. ஆகவே கழுகு-சி வால்தரும் கழுகு-எஃப் வால்தரும் இரண்டுமே போலீஸ்தான், முன்னது பின்னது என்ற வரிசைதான் வேறு. ஆனால் கழுகு-எல் முத்திரையோடு ஒரு பிபி வந்தால் சந்தேகப்படுங்கள்.

இடமும் முக்கியம். பிபி, பிபிகே இரண்டிலும் பிரேமின் (பிஸ்டலின் அடிச்சட்டம்) இடப்பக்கம், டிரிக்கருக்குப் பின்னால். ஸாவரிலும் எச்எஸ்சியிலும் டிரிக்கர் கார்டின் (டிரிக்கரைச் சுற்றிய வளையம்) இடப்பக்கம். போலீஸ் லூகரில் வலப்பக்கம், பேரலைத் தாங்கும் மேற்பகுதியில். ராணுவ முத்திரை பிரேம், ஸ்லைடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரக்கூடும், போலீஸ் முத்திரை சிறிய பிஸ்டல்களில் பெரும்பாலும் ஒரே இடத்தோடு நின்றுவிடும். ஸ்லைடின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிதாக ஒரு போலீஸ் கழுகு இருந்தால் அதை விற்பனைக்காக யாரோ பின்னால் குத்தியிருக்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் வெளியே சொத்துக் குறிகள் சில உண்டு. "டிஆர்பி" என்றால் ஜெர்மன் அஞ்சல் துறை. "ஆர்எஃப்வி" நிதி நிர்வாகம். "பிடிஎம்" ம்யூனிக் போலீஸ் இயக்ககம். இது அசல் போலீஸ் குறி, பிபியில் வருவது. "ஆர்இஸட்எம்" பிபிகேயில் வந்தால் நாஜிக் கட்சியின் கொள்முதல் அலுவலகம், போலீஸ் அல்ல. கட்சிப் பிஸ்டலையும் போலீஸ் பிஸ்டலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காசு கொடுத்தவர் வேறு.

ஒன்றை மட்டும் கூர்ந்து பார்ப்போம்

ஒரு ஸாவர் 38எச் மேசையில் இருக்கிறது என்று வையுங்கள். விற்பவர் சொல்லும் கதை: "ரஷ்ய முனையில் இருந்த ராணுவ அதிகாரியுடையது."

முதலில் மேற்பூச்சு. ஆரம்பகால ஸாவர் கண்ணாடி போல மின்னும். இதில் ஸ்லைடின் பக்கவாட்டில் விரல் நகத்தை ஓட்டினால் மிக மெல்லிய வரிவரியான கோடுகள் தட்டுப்படுகின்றன. கடைசல் வேலை செய்த கருவியின் தடம் அது. மெருகு போட நேரம் இல்லாத காலத்தில் செய்தது, ஆகவே போரின் நடுவிலோ அதற்குப் பின்னோ.

அப்புறம் ஸ்லைடின் இடப்பக்கம். நிறுவனப் பெயரும் சூல் என்ற ஊர்ப் பெயரும் சரியாக இருக்கின்றன. ஸ்லைடின் பின்முனையில் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் தாழ்) இருக்கிறதா? இருக்கிறது. கடைசி நாட்களில் செய்த ஸாவர்களில் இந்த சேஃப்டியையே எடுத்துவிட்டார்கள், ஆகவே இது அந்தக் கடைசி ரகம் அல்ல. இப்போது டிரிக்கர் கார்டின் இடப்பக்கம். விளக்கைச் சாய்க்கிறோம். அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு கழுகு. கீழே 37 என்ற எண் இல்லை. வட்டம் இருக்கிறது, வட்டத்தின் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு, அதிலிருந்து வலப்பக்கம் நீளும் இரண்டு கைகள். லென்ஸை இன்னும் கொஞ்சம் நெருக்கினால் "எஃப்".

ராணுவ அதிகாரி கதை அந்த ஓர் எழுத்தோடு போயிற்று. அந்தப் பிஸ்டல் போலீஸுக்காக வாங்கப்பட்டது. பின்னால் கைமாறி ஒரு ராணுவ அதிகாரியிடம் வந்திருக்கலாம், போர்க்காலத்தில் எதுவும் நடக்கும். ஆனால் அதை அந்தக் கதைக்குள் கொண்டுவர முத்திரையைத் தாண்டி வேறு ஆதாரம் வேண்டும்.

இப்போது பிரிக்கலாம். டிரிக்கர் கார்டுக்குள் மேல்பக்கம் உள்ள சின்னத் தாழைக் கீழே இழுத்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் தூக்கி, முன்னால் கழற்ற வேண்டும். ஸ்லைடிலும் பிரேமிலும் உள்ள எண்களை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் நல்லது. வேறானால், இரண்டு பிஸ்டல்களிலிருந்து ஒன்று செய்திருக்கிறார்கள். கிரிப்பின் அடியில், ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கிரிப்கள் காலப்போக்கில் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்றுவரை இறுக்கிய எவரோ ஒருவரால் உடைந்தவைதான் அதிகம்.

வரிசை எண்ணும் காலமும்

ஏற்பு முத்திரை வாங்கியவரைச் சொல்கிறது, வரிசை எண் காலத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். போரின் கடைசியில் வரவேண்டிய எஃப் முத்திரை மிக ஆரம்ப எண்ணில் இருந்தால் ஒன்று முத்திரை பொய், இல்லையேல் எண் பொய்.

வால்தரில் எண் 10 லட்சத்தை எட்டிய பிறகு மறுபடி தொடங்கினார்கள். அப்போதிருந்து பிபியில் எண்ணுக்குப் பின்னால் "பி", பிபிகேயில் "கே" சேர்ந்தது. கடைசிக் காலத்து பிபிகளில் வால்தரின் பெயர்ச் சின்னம் போய், தொழிற்சாலையைக் குறிக்கும் "ஏசி" என்ற இரகசியக் குறி வந்தது. சேம்பரில் தோட்டா இருப்பதைக் காட்டும் சின்ன ஊசி, ஹாமருக்கு மேல் இருக்குமே, அதையும் 7.65 பிபிகளில் பிறகு விட்டுவிட்டார்கள். இப்படி எளிமையாக்கியது ஒவ்வொன்றும் கால வரிசையில் ஒரு மைல்கல்.

எச்எஸ்சியில் முதல் ஆயிரத்துச் சொச்சம் பிஸ்டல்களில் கிரிப் ஸ்க்ரூ கீழே தள்ளி இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் முத்திரை இருக்கிறதோ இல்லையோ அது அரிது. மறுமுனையில், 1945 ஏப்ரலில் ஓபர்ன்டார்ஃப் பிரெஞ்சுப் படையிடம் வந்த பிறகும் தொழிற்சாலை பிரெஞ்சுக்காரர்களுக்காக எச்எஸ்சி செய்துகொண்டிருந்தது. உயர்ந்த எண், ஜெர்மன் ஏற்பு முத்திரை எதுவும் இல்லை என்றால் முதலில் இந்த வாய்ப்பை யோசியுங்கள்.

எஸ்.டி. என்ற வலை

நான் பார்த்த விற்பனை ஒன்றில் ஒரு லூகரின் கைப்பிடி முன்பட்டையில் "எஸ்.டி." என்று தொடங்கும் குறி இருந்தது. அடியில் எண்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் "எஸ்எஸ் உளவுப் பிரிவின் பிஸ்டல்" என்று போட்டு (அந்தப் பிரிவின் சுருக்கப் பெயரும் எஸ்.டி.தான்), சாதாரணப் போலீஸ் லூகரைப் போலப் பல மடங்கு விலை.

அந்தக் குறிக்கு அர்த்தம் ட்யூசல்டார்ஃப் மாவட்டத்து ஷுட்ஸ்போலிட்ஸாய். "எஸ்" சீருடை நகரப் போலீஸ், அடுத்த எழுத்து மாவட்டம், பின்னால் வருவது பிரிவும் ஆயுத எண்ணும். கிராமப்புற லாண்ட்யேகராய் போலீஸ் என்றால் தொடக்கத்தில் "எல்" வரும். இது 1920களில் பிரஷ்யப் போலீஸ் வகுத்த முறை. 1930களின் பிற்பகுதியில் இப்படிப் பிரிவுக் குறி குத்துவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே போர்க்காலத்தில் செய்த எச்எஸ்சியிலோ 38எச்சிலோ இப்படி ஒரு குறி இருந்தால் நம்பவே வேண்டாம்.

பழைய போலீஸ் லூகரில் இன்னொரு அடையாளம் உண்டு. லூகரின் மேற்பகுதியைப் பிரேமிலிருந்து கழற்றிய பிறகும், சேம்பரில் தோட்டா இருந்து, இடப்பக்கம் உள்ள சின்னத் தகட்டை அழுத்தினால் வெடித்துவிடும். துடைக்கும்போது இப்படிப் பல விபத்துகள் நடந்ததால், 1930களில் ஷிவி என்பவர் வடிவமைத்த ஒரு பாதுகாப்புப் பட்டையைப் போலீஸ் லூகர்களில் பொருத்தினார்கள். இடப்பக்கம் மூடித்தகட்டின் மேல் நீண்டு கிடக்கும். மேகசீன் இல்லாவிட்டால் சுடாதபடி இன்னொரு ஏற்பாடும் வந்தது, அது சரிப்படாமல் கழற்றிவிட்டார்கள். கழற்றிய பிறகு எஞ்சிய துளைகளைக் குறை என்று நினைத்து அடைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடைக்காதீர்கள், அந்தப் பிஸ்டல் போலீஸில் பணியாற்றியதற்கு அதுவும் ஒரு சாட்சி.

போலியைக் கண்டுபிடிப்பது

போலீஸ் முத்திரை சின்னது, குத்துவது எளிது, விலையை ஏற்றும். அதனால் போலி வரத்தான் செய்யும். எதை நம்பலாம்?

சந்தேக முத்திரையை அதே துப்பாக்கியின் மற்ற முத்திரைகளோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே வயதுடையதாகத் தெரிய வேண்டும். கழுகு-என் முத்திரையின் உள்விளிம்பு எண்பது வருடத் துடைப்பில் மழுங்கியிருக்க, போலீஸ் கழுகின் ஓரம் மட்டும் கூர்மையாகப் பளபளத்தால் அது நேற்றுப் பிறந்தது. பள்ளத்தின் அடியைப் பாருங்கள். அசல் அச்சு ஒரே அடியில் உலோகத்தை அழுத்தித் தள்ளும், இயந்திரத்தில் பொறித்தது உலோகத்தைச் சீவி எடுத்திருக்கும், அடித்தளத்தில் வரிவரியாகத் தெரியும். ஒரே பிஸ்டலை நூறு முறை பார்ப்பதைவிட நூறு அசல் முத்திரைப் படங்களை ஒரு முறை பார்ப்பது மேல். கழுகின் இறக்கை எத்தனை கீற்று, கழுத்து எந்தப் பக்கம், எழுத்தின் கால் எவ்வளவு நீளம் என்று கண் தானாகப் பழகிவிடும். சூலில் உள்ள ஆயுத அருங்காட்சியகமும் கோப்லென்ஸில் உள்ள ராணுவத் தொழில்நுட்பச் சேகரிப்பும் அதற்கு நல்ல இடங்கள்.

மறுபூச்சு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மெருகேற்றும் சக்கரம் எழுத்துகளின் ஓரத்தைக் கரைத்துவிடும், ஸ்க்ரூ துளைகளின் வாய் கிண்ணம் போல அகன்றிருக்கும். "கெஸ்டபோ" என்று அழகாகப் பொறித்தது, கிரிப்பில் பெரிய கழுகு வைத்தது எல்லாவற்றையும் போலி என்று தொடங்கி, ஆதாரம் வந்தால் மட்டும் மனதை மாற்றிக்கொள்ளுங்கள். கட்சிக் கழுகு உள்ள பிபிகே கிரிப் அசலிலும் உண்டுதான், ஆனால் போலிகள் ஏராளம்.

ஸ்வஸ்திகாவைச் சுரண்டி அழித்த பிஸ்டல்கள் வரும். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியிலும் வேறு இடங்களிலும் புதிய போலீஸ் இவற்றை மறுபடி பயன்படுத்தியது. சந்தையில் இவற்றுக்கு மதிப்புக் குறைவு. எனக்கென்னவோ இவை இரண்டு மடங்கு சுவாரசியம். ஒரே இரும்பில் இரண்டு அரசுகளின் தடம் இருக்கிறது.

உறை, மேகசீன், காகிதம்

தோல் உறையும் இரண்டாவது மேகசீனும் கூட வந்தால் மகிழ்ச்சி, ஆனால் எளிதாக மாற்றக்கூடியவை இவைதான். போலீஸ் லூகரில் மேகசீன்களின் அடியில் பிஸ்டலின் எண்ணும் 1, 2 என்ற குறியும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் அதைப் பிரித்து விற்க யார் கேட்டாலும் விற்காதீர்கள். உறையில் பிஸ்டலின் தடம் பதிந்திருக்கும். நீங்கள் வாங்கிய பிஸ்டல் அந்தத் தடத்தில் அச்சாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

அமெரிக்கச் சிப்பாய்கள் போர்ப் பரிசாக எடுத்துப்போனவற்றோடு சில சமயம் மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வரும். அதில் வரிசை எண் எழுதியிருந்தால் மட்டுமே அது இந்தப் பிஸ்டலின் சீட்டு. "ஒரு ஜெர்மன் பிஸ்டல்" என்று மட்டும் இருந்தால் எந்தப் பிஸ்டலோடும் சேர்க்கலாம்.

அட்டை எழுதும் முறை

ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஓர் அட்டை. நான் எழுதும் வரிசை இது: தயாரிப்பாளர், மாடல், அளவு, வரிசை எண், அது இருக்கும் எல்லா இடங்களும், வெடிச்சோதனை முத்திரை கிரீடமா கழுகா, ஏற்பு முத்திரை, எழுத்து அல்லது எண், துல்லியமான இடம், ஸ்லைடு வாசகம் எழுத்துக்கு எழுத்து, மேற்பூச்சு, கிரிப், மேகசீன். இதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கண்ணால் கண்டது மட்டும். கேட்டது, விற்பவர் சொன்னது, நான் ஊகிப்பது எல்லாம் கோட்டுக்குக் கீழே, யார் எப்போது சொன்னார் என்ற குறிப்போடு.

வகையை எழுதும்போது "வால்தர் பிபி, போலீஸ், கழுகு-எஃப், ஏசி குறி, கடைசிக்காலப் பூச்சு" என்று எழுதினால் அடுத்தவருக்கு உடனே புரியும். "அரிய நாஜி பிஸ்டல்" என்று எழுதினால் ஒன்றும் புரியாது. முத்திரைகளைச் சாய்வு வெளிச்சத்தில் படம் எடுத்து அட்டையோடு வையுங்கள்.

பாதுகாப்பு

தோல் உறைக்குள் பிஸ்டலை வைத்துப் பூட்டாதீர்கள். தோல் பதனிட்ட இரசாயனமும் ஈரமும் சேர்ந்து, உறையின் வடிவத்திலேயே துருவைப் பதித்துவிடும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும், பலர் பாலிஸ்டால் பயன்படுத்துகிறார்கள். கம்பித்தூரிகை, துரு நீக்கும் அமிலம், மெருகுப் பசை எதுவும் முத்திரை இருக்கும் பக்கம் போகவே கூடாது. நம் கடலோர ஊர்களைப் போன்ற ஈரப்பதத்தில் மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள், மற்ற இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். விரல் ரேகை பட்ட இடத்தில்தான் முதல் துரு வரும், அதனால் வைக்கும் முன் கடைசியாக ஒரு துடைப்பு.

உங்களுக்குப் பிறகு இதை யார் வைத்திருப்பார், அவருக்கு உரிமம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அதே அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அட்டையின் நகல் ஒன்று வீட்டில் வேறொருவரிடம் இருக்கட்டும்.